வேலையில்லாதோரை இனவாரியாக எண்ணுவது சரியா?

"பிரிட்டனில் வேலையில்லாதோரை வெள்ளையர், கறுப்பர், இந்தியர், பாகிஸ்தானியர் என்று பிரித்து அரசே கணக்கு வெளியிடுகிறது. கடலைத் தாண்டி பிரான்சுக்குப் போனால் அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்கிறார்கள். யார் செய்வது சரி? இனத்தைக் கேட்பதே பாகுபாடு ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எந்த இடத்தில் வைத்து எண்ணுகிறார்கள், எழுதிய தாள் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அரசு எண்ணுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று மாதிரிக் கணக்கெடுப்பு. பிரிட்டனில் இதற்குத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று பெயர். முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளை எடுப்பார்கள். தேர்வான வீட்டில் இருப்பவர்களிடம் தொடர்ந்து ஐந்து காலாண்டுகள் கேள்வி கேட்பார்கள். போன வாரம் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை செய்தீர்களா? கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா? வேலை கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேர முடியுமா? இந்தப் பதில்களை வைத்துத்தான் ஒருவர் வேலையில்லாதவரா என்று முடிவு செய்கிறார்கள். இனம் என்ன என்பதும் அந்த நீண்ட கேள்விப் பட்டியலில் ஒன்று. பதிலை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். கேட்பவர் முகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள மாட்டார். வீட்டில் அந்த நேரம் இல்லாதவருக்காக இன்னொருவர் பதில் சொல்வது மட்டும் உண்டு. பெயர் எதுவும் வெளியே போகாது, விகிதம் மட்டும்தான் அட்டவணையில் வரும்.

இன்னொன்று நிர்வாகப் பதிவு. வேலையில்லை என்று உதவித்தொகை கேட்டு ஒருவர் அலுவலகத்துக்குப் போகிறார். அவருடைய கோப்பில் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு இனமும் ஏறலாம். அவருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு பணம், எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பவரின் திரையில் இருப்பதும் அதே கோப்புதான். இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது. நான் ஆதரிப்பதில் பெரும்பகுதி முதல் வகை. இரண்டாவதைப் பற்றி எனக்கே பயம் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிரிட்டனிலும் இது லேசில் வந்துவிடவில்லை. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக் கேள்வியைச் சேர்க்கலாமா என்று 1979-ல் வட லண்டனில் ஹாரிங்கே பகுதியில் ஒரு ஒத்திகை பார்த்தார்கள். கறுப்பர், ஆசியர் அமைப்புகளே எதிர்த்தன. புதுக் குடியுரிமைச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. "இன்று எண்ணுவான், நாளைக்கு ஊருக்கு அனுப்புவான்" என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. பலர் படிவத்தையே திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டு, பிறந்த நாட்டை மட்டும் கேட்டார்கள். ஆனால் பிறந்த நாட்டை வைத்து என்ன தெரியும்? அதற்குள் பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை பள்ளி முடித்து வேலை தேடத் தொடங்கிவிட்டது. அவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்று அந்தக் கேள்வியால் சொல்ல முடியாது. 1991 கணக்கெடுப்பில்தான் இனக் கேள்வி முதல் முறையாக வந்தது. ஒரே தலைமுறைக்குள், அதை எதிர்த்த பல அமைப்புகள் எண்ணச் சொல்லிக் கேட்கும் நிலைக்கு வந்தன. கையில் எண் இல்லாமல் அரசிடம் போய்ப் புகார் சொன்னால், "அப்படி ஒன்றும் இல்லையே" என்று பதில் வரும், அவ்வளவுதான்.

சரி, எண்ணியதில் என்ன தெரிந்தது? வெள்ளையர் அல்லாத எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்தால் அவர்களுடைய வேலையின்மை விகிதம் வெள்ளையருடையதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு வருகிறது. பொருளாதாரம் நன்றாக இருந்த ஆண்டுகளிலும் இந்த இடைவெளி அவ்வளவாகக் குறையவில்லை. அமெரிக்காவிலும் அதே கதை. அங்கே மாதா மாதம் சுமார் 60,000 வீடுகளில் கேட்டு வெளியிடும் கணக்கில் கறுப்பரின் விகிதத்தை 1972-லிருந்து தனியாகத் தருகிறார்கள். அரை நூற்றாண்டாகப் பெரும்பாலான ஆண்டுகளில் அது வெள்ளையரின் விகிதத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆனால் இந்த "இரண்டு மடங்கு" என்பதை எடுத்துக்கொண்டு உடனே மேடையேறிவிடக் கூடாது. உள்ளே போனால்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் 'ஆசியர்' என்ற மூட்டை. பிரிட்டனில் இந்திய வம்சாவளியினரின் வேலையின்மை, வெள்ளையருடையதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் விகிதம் அதைவிட மிக அதிகம். இவர்களை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டு பக்கமும் பொய் ஆகிவிடும். டாக்டரும் கணினிப் பொறியாளருமாக வந்த குஜராத்திக் குடும்பமும், நூற்பாலை வேலைக்கு பிராட்ஃபோர்ட் வந்து, 1970-களிலும் 80-களிலும் ஆலைகள் மூடியபோது தெருவுக்கு வந்த பாகிஸ்தானிய மீர்பூர்க் குடும்பமும் ஒரே கட்டத்தில் உட்காரும். அந்தக் கட்டத்தின் சராசரியை வைத்துக்கொண்டு எந்தத் திட்டத்தைப் போடுவது?

அடுத்து, வேலையில்லாதவர் என்பதன் வரையறை. மேலே சொன்ன மூன்று கேள்விகளை மறுபடி பாருங்கள். நான்கு வாரமாக வேலை தேடாதவர் வேலையில்லாதவர் கணக்கிலேயே வர மாட்டார். பொருளாதார நடவடிக்கையில் இல்லாதவர் என்று வேறு கட்டத்துக்குப் போய்விடுவார். பாகிஸ்தானிய, வங்கதேசப் பெண்களில் பெரும்பகுதியினர் அங்கேதான் இருக்கிறார்கள். குழந்தைகள், வயதானவர்கள், ஆங்கிலம் போதாமை, எங்கே கேட்டாலும் எடுக்க மாட்டார்கள் என்ற அலுப்பு என்று காரணம் பலவிதம். நாளைக்கே இவர்களில் நிறையப் பேர் துணிந்து வேலை தேட ஆரம்பித்தால் அந்தச் சமூகத்தின் வேலையின்மை விகிதம் ஏறும்! நல்ல மாற்றம், மோசமான எண்ணாகத் தெரியும். அதனால் இனவாரியாகப் பார்க்கும்போது வேலையின்மை விகிதத்தை மட்டும் தனியாகப் பார்க்கவே கூடாது. வேலை பார்ப்பவர் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆண் பெண் என்று பிரித்தும் பார்க்க வேண்டும்.

வயது இன்னொரு சிக்கல். எந்த நாட்டிலும் 16 முதல் 24 வயதுக்காரர்களிடம் வேலையின்மை அதிகம். குடியேறி வந்த சமூகங்களில் இளைஞர்கள் அதிகம். ஒரு உதாரணத்துக்கு, இரண்டு சமூகங்களிலும் இளைஞர் வேலையின்மை சரியாக 12 சதவீதம், மற்றவர்கள் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சமூகத்தின் உழைப்பாளர்களில் இளைஞர் 10 சதவீதம், இரண்டாவதில் 30 சதவீதம். மொத்த விகிதம் முதலாவதற்கு 3.9, இரண்டாவதற்கு 5.7 என்று வரும். எந்த வயதிலும் ஒரு பாகுபாடும் இல்லை, ஆனாலும் எண்ணில் இடைவெளி. இதைச் சரிசெய்துதான் ஒப்பிட வேண்டும். செய்யாமல் தலைப்புச் செய்தி போடுபவர்கள் இரண்டு தரப்பிலும் இருக்கிறார்கள்.

அப்படியானால் வயது, படிப்பு, ஊர் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் இடைவெளி மறைந்துவிடுமா? மறையாது, குறையும். மிச்சம் இருப்பதற்குக் காரணம் என்ன என்பதை இந்த அட்டவணையால் சொல்ல முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் வேலை, ஓய்வூதியத் துறைக்காக 2009-ல் ஒரு சோதனை அறிக்கை வந்தது. ஒரே தகுதி, ஒரே அனுபவம் உள்ள விண்ணப்பங்களைத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். கேட்டதுமே வெள்ளையர் என்று தோன்றும் பெயர் ஒன்று, ஆப்பிரிக்கர் அல்லது ஆசியர் என்று தோன்றும் பெயர்கள் மற்றவை. வெள்ளையர் பெயருக்கு ஒன்பது விண்ணப்பம் போட்டால் ஒரு நல்ல பதில் வந்தது. மற்றவர்களுக்குப் பதினாறு போட வேண்டியிருந்தது. இனவாரிக் கணக்கு இல்லாமலிருந்தால் இப்படி ஒரு சோதனையை எங்கே நடத்த வேண்டும் என்று தெரிவது கஷ்டம். எங்கே தோண்டுவது என்று காட்டுவதுதான் அந்தக் கணக்கின் வேலை.

இப்போது பிரான்ஸ். அங்கே 1958 அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே பிறப்பு, இனம், மதம் என்ற வேறுபாடில்லாமல் எல்லாக் குடிமக்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. இனம் பற்றிய தரவைச் சேகரிப்பதை 1978 ஜனவரியில் வந்த தரவுச் சட்டம் சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்தது. அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்க 2007-ல் ஒரு முயற்சி நடந்தபோது அரசியல் சாசன மன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிறந்த நாடு, குடியுரிமை போன்ற உண்மைகளைக் கேட்கலாம், இனத்தைக் கேட்கக் கூடாது என்பது அதன் நிலை. இதை வெறும் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பாரிஸ் போலீஸ் வைத்திருந்த யூதர்களின் பெயர்ப் பதிவு அட்டைகளை வைத்துத்தான் ஆட்களைப் பிடித்தார்கள். அந்த நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை.

ஆனால் பிரான்சும் எண்ணாமல் இல்லை. 2005-லிருந்து அவர்களுடைய வேலைக் கணக்கெடுப்பில் பெற்றோர் எந்த நாட்டில் பிறந்தார்கள் என்று கேட்கிறார்கள். அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா போன்ற வட ஆப்பிரிக்க மக்ரெப் நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு வேலையின்மை எவ்வளவு அதிகம் என்பது அதிலேயே தெளிவாகத் தெரிகிறது. சிக்கல் அடுத்த தலைமுறையில். பேரப்பிள்ளைகளின் பெற்றோர் பிரான்சில் பிறந்தவர்கள், கணக்கில் அவர்கள் கரைந்துவிடுவார்கள். வேலை கொடுப்பவர் கண்ணில் மட்டும் கரைய மாட்டார்கள். 2019, 2020-ல் நடந்த ஒரு பெரிய ஆய்வில் தாத்தா பாட்டி எங்கே பிறந்தார்கள் என்று வேறு கேட்கத் தொடங்கினார்கள். இப்படியே போனால் கொள்ளுத் தாத்தாவையும் கேட்க வேண்டி வரும். நேராக ஒரு கேள்வி கேட்க மனம் வராததால் வந்த சுற்று வழி இது.

கடல் கடந்த பிரெஞ்சு மாகாணங்களின் நிலைமை இன்னும் வேடிக்கை. ரெயூனியன் தீவில் மலபார் என்று அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் வம்சாவளியினர். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள். அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள், தாத்தாவும் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர். அந்தத் தீவில் வேலையின்மை பிரான்சின் பெருநிலத்தைவிட மிக அதிகம். ஆனால் மலபார்களின் நிலை என்ன, கிரியோல்களின் நிலை என்ன என்று பிறந்த நாட்டை வைத்து ஒருநாளும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஜெர்மனி நடுவில் நிற்கிறது. இனம் என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்பவர்களிடம் குடிபெயர்வுப் பின்னணி உண்டா என்று கேட்க 2010-ல் ஒரு ஆணை வந்தது. குடியுரிமை என்ன, நீங்கள் எங்கே பிறந்தீர்கள், உங்கள் தாய் தந்தையரில் யாராவது 1949-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவரா என்று கேட்பார்கள். பதில் சொல்வது விருப்பம், சொல்லாவிட்டால் உதவித்தொகைக்குப் பாதிப்பில்லை. இதில் துருக்கியர் பேரனும் வருவதில்லை, பல நூற்றாண்டாக அங்கேயே வாழும், முன்பு ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சின்டி, ரோமா மக்களும் வருவதில்லை. அவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்ற கேள்விக்கு அரசிடம் எண் கிடையாது. ரோமா மக்களின் சொந்த அமைப்புகளிலேயே பலருக்கு எண்ண வேண்டாம் என்பதுதான் நிலைப்பாடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாஜிகள் அவர்களைப் பிடிப்பதற்கு முன் முதலில் செய்தது பட்டியல் எடுப்பதுதான்.

பட்டியல் பயம் கற்பனை இல்லை. நெதர்லாந்தில் மிக ஒழுங்கான மக்கள் பதிவேடு இருந்தது, அங்கிருந்த யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கொல்லப்பட்டதில் அந்த ஒழுங்குக்கும் பங்கு உண்டு. 1943 மார்ச்சில் எதிர்ப்புப் போராளிகள் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்து தீ வைத்தார்கள். முழுவதும் எரியவில்லை. நமக்கு இன்னும் பக்கத்தில், 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள். அந்தப் பட்டியலில் இனம் என்று ஒரு பத்தியே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பெயரே போதுமாக இருந்தது. இனக் கேள்வியை நீக்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆபத்து பெயரும் முகவரியும் சேர்ந்த பட்டியலில் இருக்கிறது. பெயரில்லாத விகிதத்தை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக் கதவையும் தட்ட முடியாது.

இந்தக் காலத்து ஆபத்து தீப்பந்தத்தோடு வருவதில்லை, மென்பொருளாக வருகிறது. ஆஸ்திரியாவின் வேலைவாய்ப்புச் சேவை ஒரு கணிப்பு முறையைத் தயாரித்தது, 2018-ல் அது பொதுவில் பேச்சானது. பதிவு செய்தவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பழைய தரவுகளை வைத்து மதிப்பெண் போடும். வாய்ப்பு அதிகமுள்ளவர், நடுத்தரம், குறைந்தவர் என்று மூன்று கூடைகள். வயது, படிப்பு, முன்பு பார்த்த வேலை இவற்றோடு பெண் என்றால் கழிவு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் குடிமகன் என்றால் கழிவு. இரண்டு ஆண்டுக்குள் ஆறு மாத வேலை கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதத்துக்குக் கீழே என்று வந்தால் மூன்றாவது கூடை. செலவு அதிகமுள்ள பயிற்சிகள் நடுக் கூடைக்குத்தான் என்பது திட்டம். புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு வேலை கிடைப்பது உண்மையிலேயே தாமதமாகிறது. ஆனால் அதைக் காரணம் காட்டிக் கூடுதல் உதவி கொடுப்பதற்குப் பதிலாக வேறு வரிசையில் நிற்கச் சொல்கிறது அந்த முறை. 2020-ல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நெதர்லாந்தின் வரித்துறையும் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் இப்படித்தான் செய்தது. வெளிநாட்டுக் குடியுரிமையை மோசடிக்கான அறிகுறிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின, 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

இதனால்தான் அலுவலகக் கோப்பில் இனத்தை ஏற்றுவது பற்றி எனக்குப் பயம் என்றேன். ஆனால் அங்கேயும் முற்றிலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, அதுதான் இதில் கஷ்டமான இடம். உதவித்தொகையை யாருக்கு அதிகமாக நிறுத்துகிறார்கள், நல்ல பயிற்சிக்கு யாரை அனுப்புகிறார்கள் என்று மாதிரிக் கணக்கெடுப்பால் சொல்ல முடியாது. அலுவலகத்தையே தணிக்கை செய்ய அலுவலகத் தரவுதான் வேண்டும். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம், பொது நிறுவனங்கள் தங்கள் முடிவுகள் எந்தச் சமூகத்தை எப்படித் தாக்குகின்றன என்று பார்க்கக் கடமைப்பட்டவை என்கிறது. எண் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? என் கணிப்பில் நடைமுறை வழி ஒன்றே. கேள்வியை விண்ணப்பத்திலிருந்து பிரித்துத் தனித்தாளில் கேட்க வேண்டும், "சொல்ல விருப்பமில்லை" என்ற கட்டம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும், பதில் முடிவெடுப்பவரின் திரைக்கு வரவே கூடாது. போலீஸ்காரர் ஆளைப் பார்த்து அடையாளக் குறி போடுகிறாரே, அதுபோல அலுவலரே ஊகித்து எழுதும் வழக்கம் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வரக் கூடாது. இதற்கும் ஒரு விலை உண்டு. விருப்பம் என்று விட்டால் நிறையப் பேர் சொல்ல மாட்டார்கள், சொல்லாதவர்களில் அதிகம் இருப்பது பெரும்பாலும் அரசை நம்பாதவர்கள்தான். நாம் அறிய விரும்பிய ஆட்களும் அவர்கள்தானே.

மாதிரிக் கணக்கெடுப்புக்கும் இந்த நோய் தொற்றிவிட்டது. பிரிட்டனின் தொழிலாளர் கணக்கெடுப்பில் பதில் சொல்பவர்கள் 2023-ல் 17 சதவீத அளவுக்கு விழுந்தார்கள். அந்த அக்டோபரில் வழக்கமான எண்களை வெளியிடுவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். முழு நாட்டுக்கான விகிதமே ஆட்டம் காணும்போது, மாதிரியில் வேலையில்லாத வங்கதேசத்தவர் சில டஜன் பேர் மட்டும் இருந்தால் அவர்களுடைய விகிதத்துக்கு என்ன மதிப்பு? ஒரு காலாண்டில் 7, அடுத்ததில் 11 என்று குதிக்கும். அது உண்மையான மாற்றமாக இருக்க வேண்டியதில்லை. சிறிய சமூகங்களைப் பற்றிய காலாண்டு எண்ணை யாராவது காட்டினால், மூன்று ஆண்டு சராசரியைக் கேளுங்கள்.

நமக்கு இந்த விவாதம் பழக்கமானதுதான். இந்தியாவின் உழைப்பாளர் கணக்கெடுப்பு வேலையின்மையைப் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர் என்று பிரித்துத் தருகிறது. சாதியைக் கேட்டால் சாதி வளரும் என்பவரும், கேட்காவிட்டால் மறையும் என்பவரும் எத்தனை ஆண்டாக மோதுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவிலும் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பூர்வகுடிகளும்), சீனர், இந்தியர் என்று பிரித்து வேலையின்மைக் கணக்கு வருகிறது. அங்கே தோட்டத் தமிழர் வாரிசுகளும் மற்ற இந்தியர்களும் ஒரே 'இந்தியர்' கட்டத்துக்குள் இருப்பதால், யாருக்கு உதவி தேவை என்பது அந்தக் கட்டத்துக்குள்ளேயே புதைந்துவிடுகிறது.

நீங்கள் பிரிட்டனில் இருப்பதாகச் சொன்னதால் கடைசியாக ஒன்று. அங்கே படிவத்தில் ஆசியர் என்பதன் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் இருக்கும். இலங்கைத் தமிழருக்குக் கட்டம் இல்லை. 'வேறு ஆசியப் பின்னணி' என்பதில்தான் விழ வேண்டும். நேபாளியும் பிலிப்பைன்ஸ்காரரும் அதே கட்டத்தில் இருக்கிறார்கள், அதனால் வெளியாகும் எண்ணிலிருந்து இலங்கைத் தமிழருக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது என்று எதுவும் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கோடு கொடுத்திருப்பார்கள். டிக் மட்டும் போட்டுவிட்டு அந்தக் கோட்டை வெறுமையாக விடாமல் 'இலங்கைத் தமிழர்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதியவர்களைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியும், வெறும் டிக்கை யாராலும் பிரிக்க முடியாது.